மாடத்தில் இருந்த பீங்கான் கப்பு

என்னைத் திருடி என்று சொன்ன கதையை எழுத வேண்டும் என்று பேத்தி ஒற்றைக் காலில் நிற்கிறாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். நான் "கீது" என்றால் அவள் "இருக்கிறது" என்று போடுகிறாள்.

"நான் பேசனதத்தானடி எழுதணும், ஏன் மாத்தற?"

"புக்குல அப்படித்தான் ஆயா வரும். நீ பேசற மாதிரியே எழுதுனா டீச்சருங்க படிக்க மாட்டாங்க."

சரி, டீச்சர்கள் படிக்கட்டும். ஆனால் மற்றவர்கள் பேசியதில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஏனென்றால் நான் தப்பித்ததே ஒரு சொல்லால்தான். அதை மாற்றிவிட்டால் நான் திருடியாகவே நிற்பேன்.

கோயிலைச் சுற்றி இருக்கும் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அதற்குள் நுழைந்து திரும்பினால் தெரு சட்டென்று அகலமாகிவிடும். அங்கேதான் அந்த வீடு. மல்லாட்டைக்காரர் வீடு என்று சொன்னால் பழைய ஆட்டோக்காரர்கள் வழி கேட்காமல் கொண்டுபோய் விடுவார்கள். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. தெற்கத்தி ஆட்களுக்கு அது புரியாது என்று பேத்தி இதையும் எழுதச் சொல்கிறாள். அந்த வீட்டுப் பெரியவர், இப்போது இருக்கும் பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா, சுற்றுவட்டார மல்லாட்டையை எல்லாம் மாட்டு வண்டியில் ஏற்றிப் புதுச்சேரிக்கு அனுப்புவாராம். அங்கிருந்து கப்பலில் பிரெஞ்சுக்காரன் நாட்டுக்குப் போகுமாம். கப்பலில் மல்லாட்டை போனது, திரும்பி வருகையில் பீங்கான் வந்தது. ஒரு அறை நிறைய வந்தது.

அந்த அறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் மூடாது. என் இடுப்பு உயரத்துக்கு நீலப் பூப்போட்ட சீனத்து ஜாடி இரண்டு. ஒன்றில் பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு ஒரு மிருகம், காலுக்கு ஐந்து நகம். இன்னொன்றில் அதே மிருகம், நாலு நகம். வரைந்தவனுக்குக் கை வலித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். வாத்து மாதிரி ஒரு பெரிய பாத்திரம். வாத்தின் முதுகைத் தூக்கினால் அதுதான் மூடி, உள்ளே சூப்பு ஊற்றுவார்களாம். விரலை உள்ளே விட்டால் வெளியே நிழல் தெரியும் அளவுக்கு மெல்லிசான ஜப்பான் கிண்ணங்கள். நடுவில் உடைந்து, இரும்பு ஊக்குப் போட்டுத் தைத்த ஒரு தட்டு. பீங்கானைத் தைக்கிறவன் அந்தக் காலத்தில் தெருவில் கூவிக்கொண்டு வருவானாம். எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். முதுகில் தையலோடு அது பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும்.

இவ்வளவு இருந்தும் அந்த வீட்டு ஆட்கள் ஒரு தட்டைக்கூடத் தொட மாட்டார்கள். பீங்கான் மாட்டு எலும்பை அரைத்துச் செய்தது என்று யாரோ ஒருமுறை சொல்லிவிட்டார்கள். அதோடு முடிந்தது. சமையல்கட்டுக்குள் அது வரக் கூடாது. சாமி அறை இருக்கும் பக்கமே வரக் கூடாது. கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் தீபம் ஏற்றுவதை மொட்டை மாடியிலிருந்து பார்க்கத் துரைமார்கள் வருவார்களாம். அவர்களுக்குப் பரிமாற மட்டும் வெளியே எடுப்பார்கள். துரை சாப்பிட்டுப் போன பிறகு யார் கழுவுவது? செத்த மாட்டைத் தூக்க எங்கள் தெருவைத்தான் கூப்பிடுவார்கள். மாட்டு எலும்பில் செய்த தட்டைக் கழுவவும் எங்கள் தெருவையே கூப்பிட்டார்கள். முதலில் என் மாமியாரின் மாமியார், அப்புறம் என் மாமியார், அப்புறம் நான். துரைமார்கள் போன பிறகும் வேலை போகவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை அத்தனையையும் இறக்கித் துடைக்க வேண்டும். மற்ற நாளில் வாசல், கொல்லை, மாட்டுக் கொட்டகை.

மாமியார் எனக்குச் சொல்லிக் கொடுக்கவெல்லாம் இல்லை, திட்டினாள். திட்டியதிலிருந்து நானாகப் பிடித்துக்கொண்டேன். தரையில் பழைய சேலையை நாலாக மடித்து விரித்துத்தான் கழுவ வேண்டும். பொன் கோடு போட்டதற்குச் சாம்பல் ஆகாது, கடலை மாவு போதும். கழுவியதும் நகத்தால் ஒரு தட்டு தட்ட வேண்டும். "டிங்" என்றால் உடம்பு நன்றாக இருக்கிறது. "டொக்" என்றால் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத விரிசல். எழுத்துப் படிக்கத் தெரியாதவள்தான், ஆனால் பீங்கானின் அடியில் இருக்கும் முத்திரையைப் பார்த்து எது எந்த அலமாரி, எது எதனோடு பிறந்தது என்று சொல்லிவிடுவேன். நங்கூரம் போட்டது ஒரு குடும்பம், கத்தி இரண்டு குறுக்கே வைத்தது ஒரு குடும்பம், சிவப்பில் கிரீடம் போட்டது ஒரு குடும்பம்.

இப்போது என் கப்பு.

கல்யாணமாகி வந்த புதிதில் மாமியாரோடு அந்த வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டிலும் அப்போது ஒரு புது மருமகள். என் வயதுதான். ஊரெல்லாம் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது பிறகு. நான் முதலிலிருந்தே அம்மா என்றுதான் கூப்பிடுவேன். மாமியாருக்குக் கொல்லையில் கொட்டாங்குச்சியில்தான் டீ. மேலேயிருந்து ஊற்றுவார்கள், ஒட்டாமல். எனக்கென்று அன்றைக்குக் கொட்டாங்குச்சி இல்லை. சமையல்கட்டுப் பாத்திரத்தில் ஊற்ற முடியாது. அம்மா டீச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டு நின்றார். அப்புறம் யோசனை வந்துவிட்டது. பீங்கான் எப்படியும் தீட்டு, நானும் தீட்டு.

"அந்த ரூம்புல வாய் ஒடைஞ்சது ஏதாச்சும் கீதா?" என்றார்.

நான் போய் ஒரு கப்பைக் கொண்டுவந்தேன். ஊதாப் பூ, பொன் விளிம்பு. விளிம்பில் உளுந்து அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. வாய் உடைந்தது வீட்டில் இருந்தால் ஆகாது என்று அம்மாவுக்கு அதுவும் சௌகரியமாகப் போயிற்று.

"இத வெச்சுக்க. இனிமே இது உன்து. மறுபடி உள்ள கொண்டாராத," என்றார்.

கொல்லைச் சுவரில் விளக்கு வைக்கும் மாடம் ஒன்று இருந்தது. கழுவி அதில் கவிழ்த்து வைப்பேன். மறுநாள் எடுப்பேன். நாற்பது வருஷத்துக்கு மேலே. என் வீட்டுக்காரர் செத்த பதினாறாம் நாள் வேலைக்குப் போனபோதும் அது அங்கேயே என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அன்றைக்கு மட்டும் டீயில் சர்க்கரை ஜாஸ்தி. அம்மாதான் போட்டார்.

ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் மகளிடம்கூட. அந்தக் கப்பின் அடியில் சிவப்புக் கிரீடம் இருந்தது. உள்ளே கண்ணாடி அலமாரியில் அதனுடைய அண்ணன் தம்பிகள் பதினோரு பேர், தட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். கப்பே இல்லாமல் பன்னிரண்டாவது தட்டு மட்டும் தனியாக இருந்தது. மாசா மாசம் அந்தத் தட்டைத் துடைப்பேன். துடைக்கும்போது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். துரைக்கு வாங்கியதில் நான் குடிக்கிறேன். அம்மாவின் சொந்தப் பிள்ளை தொட்டால் அடி விழும், நான் வாய் வைத்துக் குடிக்கிறேன். வெளியே சொன்னால் பிடுங்கிக்கொண்டு கொட்டாங்குச்சி கொடுத்துவிடுவார்கள் என்று பேசாமல் இருந்தேன். கொல்லையில் கடலை மாவு ஏது, சாம்பல் போட்டுத்தான் தேய்த்தேன். பத்து வருஷத்தில் பொன் விளிம்பு போயிற்று. கிரீடமும் போயிற்று. ஊதாப் பூ மட்டும் நின்றது.

காலம் மாறவில்லையா என்று கேட்பீர்கள். மாறியது. என் மகள் இப்போது செங்கம் ரோட்டில், ஆசிரமம் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறாள். அங்கே எல்லோருக்கும் ஒரே கப்பு, ஒரே டேபிள். மல்லாட்டைக்காரர் வீட்டிலும் ஐயா, அம்மாவின் வீட்டுக்காரர், போன பிறகு அம்மா தனி ஆளாகிவிட்டார். சமையலுக்கு ஒரு அம்மாள், நான், அவ்வளவுதான். கதவெல்லாம் திறந்துதான் கிடக்கும். ஆனால் கப்பு மாடத்திலேயே இருந்தது. அம்மாவும் மேலேயிருந்தேதான் ஊற்றினார். கை நடுங்க ஆரம்பித்த பிறகும் கீழே இறக்கி ஊற்றவில்லை. டீ ஆட்டமாக ஆடி என் விரலில் விழும். நான் கப்பை அதற்குத் தகுந்த மாதிரி அப்படி இப்படி நகர்த்திப் பிடிப்பேன். எனக்கும் அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. இங்கே இரண்டு விரலில் தோல் கறுத்திருக்கிறது பாருங்கள். பார்க்க முடியாது. பேத்தி, கறுத்திருக்கிறது என்று எழுது.

போன வருஷம் பெங்களூரிலிருந்து அம்மாவின் பிள்ளை வந்தார். சின்னய்யா என்று கூப்பிடுவேன், அவருக்கே தலை நரைத்துவிட்டது. வீட்டைக் கீழே காட்சிக்கு வைத்து, மேலே வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் விடப்போகிறாராம். பீங்கானை எல்லாம் பார்த்துக் கணக்கு எழுத மெட்ராஸிலிருந்து ஒரு மேடத்தைக் கூட்டிவந்தார். சின்ன வயது. கையில் வெள்ளை உறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கினாள்.

"இன்னாத்துக்கும்மா கையில ஒற?" என்று கேட்டேன். இந்த வீட்டில் உறை போட்டவர்களை நான் பார்த்ததே இல்லை.

"கை எண்ணெய் பட்டா கெட்டுடும் பாட்டி."

"நாப்பது வருஷமா என் கைதான் பட்டுச்சு. நல்லாத்தான கீது?"

அவள் சிரித்துவிட்டாள். நான் தட்டிக் காட்டியதும் உறையைக் கழற்றிவிட்டு அவளும் நகத்தால் தட்டிப் பார்த்தாள். டிங். "சூப்பர் பாட்டி," என்றாள். அன்றைக்குக் காலையில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. எது எதனோடு சேரும் என்று நான் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டே வந்தாள். இப்படி ஒருத்தி என்னைக் கேட்டு எழுதுவாள் என்று என் மாமியார் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு பழைய காகிதம் ஒட்டியிருந்தது. பிரெஞ்சு எழுத்து. மேடம் போனைக் காட்டினாள், போனே அதைப் படித்துச் சொல்லிவிட்டது.

"ஊதாப்பூ செட். கப் பன்னெண்டு, சாஸர் பன்னெண்டு," என்றாள். எண்ணினாள். "கப் பதினொண்ணுதான் இருக்கு சார். ஒண்ணு மிஸ்ஸிங். முழு செட்டா இருந்தாத்தான் சார் இதுக்கு மதிப்பே."

சின்னய்யா என்னைப் பார்த்தார். "ஆயா, இந்த ரூம்பு சாவி யார்ட்ட இருக்கும்?"

"அம்மா இடுப்புல."

"உள்ள யாரு போவாங்க?"

"நான்தான்."

"வேற யாரு?"

"வேற யாரும் போவ மாட்டாங்க சின்னய்யா. வூட்டுக்காரங்கதான் தொட மாட்டாங்களே. எங்க மாமியாளுக்கு அப்பறம் நான் ஒருத்திதான்."

பெருமையாகத்தான் சொன்னேன். கிணற்றை நானே தோண்டிக்கொண்டு நானே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப ஒரு கப்பு எங்க?"

இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை. எனக்கு ஒரே குஷி. "தோ, கொல்லையில கீது," என்று ஓடினேன். மாடத்திலிருந்து எடுத்துக் கழுவி, முந்தானையில் துடைத்துக் கொண்டுவந்து அந்தப் பன்னிரண்டாவது தட்டின் மேல் வைத்தேன். குழியில் கப்பு அப்படியே உட்கார்ந்தது. பொன் இல்லை, அவ்வளவுதான்.

மேடம் குனிந்து பார்த்தாள். "இதேதான். ஆனா ஏன் இப்படி தேஞ்சிருக்கு?"

"கொல்லைக்கு எப்படி போச்சு இது?" என்றார் சின்னய்யா.

"அம்மாதான் குடுத்தாங்க. டீ குடிக்க."

மேடம் தலையைத் தூக்கிச் சின்னய்யாவைப் பார்த்தாள். அவர் முகம் மாறிவிட்டது. "எங்க வீட்ல அந்த மாதிரியெல்லாம் கெடையாதுங்க மேடம்," என்றார் அவளிடம். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் திரும்பினார். "ஏம்மா, நீயா குடுத்த?"

அம்மா மேடத்தைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்தார். "நான் எதுக்குக் குடுக்கறேன்? எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர்தான்."

"அம்மா," என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

சின்னய்யாவுக்கு வழி கிடைத்துவிட்டது. "எடுத்து ஒளிச்சு வெச்சிருக்க. லிஸ்ட்ல தெரிஞ்சதும் பயந்து கொண்டாந்துட்ட. இன்னும் இன்னா இன்னா போச்சோ. மேடம் நாளன்னைக்கு கெளம்பறாங்க. அதுக்குள்ள உண்மைய ஒத்துக்க. இல்லன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவேன். அதுவரைக்கும் இங்க வராத."

நான் ஒளித்து வைத்திருந்தால் தினமும் அதிலேயே டீ ஊற்றிய கைக்கு அது தெரிந்திருக்காதா? இதைக் கேட்கத் தோன்றியது வீட்டுக்கு வந்த பிறகுதான். எனக்கு எப்போதுமே நல்ல பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும்.

திருடி என்ற சொல் ஆட்டோவைவிட வேகமாகப் போகும். மறுநாள் காலையிலேயே கெஸ்ட் ஹவுஸ் முதலாளி என் மகளிடம், "உங்கம்மா மேட்டரு முடியட்டும், அதுவரைக்கும் லீவுல இரு," என்று அனுப்பிவிட்டார். நல்ல மனுஷன்தான். வெள்ளைக்காரர்கள் பெட்டி படுக்கையைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போகும் இடம், அவர் பயமும் நியாயம்தான். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அடுத்தவர் வீட்டில் வேலை செய்கிறவர்கள். ஒருத்தி திருடி என்றால் அந்தப் பெயர் தெருவுக்கே ஒட்டும். தண்ணீர்க் குழாயடியில் நான் குடத்தை வைத்ததும் பேச்சு நின்றது. பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் வாய் நிற்கவில்லை.

"உன் மாமியா கொட்டாங்குச்சில குடிச்சா. ஒரு வம்பு வந்துச்சா? உனக்குப் பீங்கான் கேட்டுதா?"

"நான் எங்கடி கேட்டேன், அவங்க குடுத்தாங்க."

"குடுத்தவங்க வந்து சொல்லட்டும்."

அதற்குப் பதில் வீட்டுக்குப் போன பிறகும் வரவில்லை.

மகள் அழவில்லை, அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்து என்னைக் குடைந்தாள். "ஏம்மா, அந்தக் கப்பக் கொண்டாந்து குடுத்தியே, ஒடைஞ்சு போச்சுன்னு சொல்லியிருந்தா இன்னா?" நாற்பது வருஷம் பொத்திப் பொத்திக் கழுவியதை உடைந்துபோயிற்று என்று எப்படிச் சொல்வது? அது எனக்கு வாயில் வராது. அம்மாவுக்கு மட்டும் வந்ததே என்றும் நினைத்துக்கொண்டேன். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் கைநாட்டு கேட்பார்கள். எதில் வைக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயம்தான் பெரிய பயம்.

மூன்றாம் நாள் காலை மேடம் ஆள் அனுப்பினாள். எல்லாவற்றையும் திரும்ப அடுக்க வேண்டும், எனக்குத்தான் இடம் தெரியும் என்று சின்னய்யாவிடம் சண்டை போட்டிருக்கிறாள். மகளும் கூட வந்தாள். நான் கொல்லை வழியாக உள்ளே போனேன், அவள் முன் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

கண்ணாடி அலமாரியைக் கூடத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள், வருகிறவர்கள் பார்க்கிற மாதிரி. அம்மா எவ்வளவோ தடுத்தும் சின்னய்யா கேட்கவில்லையாம். சாமி அறைக் கதவுக்கு எதிரில் அலமாரி, பக்கத்தில் அம்மாவின் நாற்காலி. நான் சொல்ல, மேடம் அடுக்கினாள். ஊதாப்பூ செட் வந்தது. பதினோரு கப்பு வைத்தாயிற்று.

"இன்னா ஆயா, சொல்றியா?" என்றார் சின்னய்யா பின்னாலிருந்து.

"இன்னா சொல்லணும் சின்னய்யா? சொன்னதுதான்."

மேடம் பன்னிரண்டாவது கப்பை எடுத்தாள். என் கப்பை. அலமாரி நடுத்தட்டில், சாமி அறை வாசலுக்கு நேராக வைக்கப் போனாள்.

"அங்க வெக்காதடி!"

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். யாராவது கைகொடுத்துத் தூக்காமல் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வருஷக் கணக்காயிற்று.

"அது அவ எச்சக் கப்பு. நாப்பது வருஷமா அவ வாய் வெச்சுக் குடிச்சது. சாமி ரூம்பு எதிர்ல வெக்கறியே, எடு, எடு. மாடத்துல வை. அது அவளுது."

மேடத்தின் கை அப்படியே நின்றது. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. வாசலில் நின்ற என் மகள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அப்ப நீங்கதான் குடுத்தீங்களாம்மா?" என்றாள் மேடம், மெதுவாக.

அம்மா அவளைக் குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "வேற எதுல ஊத்தறது? சமையக்கட்டுச் சாமான்லயா? இது மாட்டெலும்பு. அதான் அவளுக்குக் குடுத்தேன்."

"இதுல எலும்பே இல்லம்மா. இங்கிலீஷ்காரங்க செஞ்ச சிலதுலதான் எலும்புச் சாம்பல் போடுவாங்க. இது வெறும் மண்ணு. வெள்ளை மண்ணு."

"மண்ணா?" என்றார் அம்மா.

"மண்ணுதாம்மா."

அம்மா உட்கார்ந்துவிட்டார். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று தலைமுறையாக இந்த வீடு மண்ணைக் கண்டு பயந்திருக்கிறது. மூன்று தலைமுறையாக நாங்கள் மண்ணைக் கழுவியிருக்கிறோம். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. மகள் ஓடிவந்து, "வாயை மூடும்மா," என்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

சின்னய்யா யாரையும் பார்க்கவில்லை. மேடத்தின் கையிலிருந்து கப்பை வாங்கினார். கைக்குட்டையால் ஒரு முறை துடைத்தார். அவரே அலமாரியில் வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். "சரி ஆயா. ஆனது ஆச்சு. நாளைலேருந்து வேலைக்கு வந்துடு," என்றார்.

அவ்வளவுதான். ஸ்டேஷன் பேச்சு நின்றது. மகளைக் கெஸ்ட் ஹவுஸில் கூப்பிட்டுக்கொண்டார்கள். குழாயடிக்காரி அன்றைக்கு மத்தியானமே வந்து, எனக்கு அப்பவே தெரியும் என்றாள். அவளுக்கு எப்போதும் அப்பவே தெரியும்.

நான் மறுநாள் போனேன். போகாமல் என்ன செய்வது? மாடம் காலியாக இருந்தது. அம்மா டீச் சொம்போடு கொல்லைக்கு வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர், புதுசு. கீழே வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன். மேலேயிருந்துதான் ஊற்றினார். எவர்சில்வர் சுடும். பீங்கானை மாதிரி இல்லை, விரலுக்கு உடனே தெரிந்துவிடும். எனக்காகத்தான் அன்றைக்கு உண்மையைச் சொன்னாரா, சாமி அறை எதிரில் எச்சில் இருக்கக் கூடாது என்று கத்தினாரா? பேத்தி, அவங்க உன்னக் காப்பாத்திட்டாங்க ஆயா என்கிறாள். மகள் காறித் துப்புகிறாள். நான் அந்த முகத்தைப் பார்த்தவள். என்னைப் பற்றிய நினைப்பே அந்த முகத்தில் இல்லை. கப்பைப் பற்றி மட்டும்தான் இருந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் அம்மா போய்விட்டார். நான் கொல்லை வழியாகப் போய் நின்றேன். குளிப்பாட்ட வீட்டுக்குள்ளிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். நான் கொல்லையைப் பெருக்கினேன். அழுகை வந்தது. ஏன் வந்தது என்று கேட்காதீர்கள். என் வயதுதான் அவருக்கும்.

இப்போது வீடு காட்சியாகிவிட்டது. போன வாரம் பேத்தி என்னைக் கூட்டிப்போனாள். முன் வாசல் வழியாக உள்ளே போனது எனக்கு அதுதான் முதல் தடவை. கிரிவலத்துக்கு வந்த கூட்டத்தில் சில பேர், வெள்ளைக்காரப் பெண்கள் இரண்டு பேர், எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு வந்தார்கள். நகம் ஐந்து உள்ள மிருகத்தைக் காட்டி அந்தப் பெண்களுக்கு விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். அவர்களுக்கு ஒரே சந்தோஷம், என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஊதாப்பூ செட் நடுவில் இருந்தது. என் கப்பு பின் வரிசையில், சில்லு பெயர்ந்த பக்கம் சுவரைப் பார்த்து. கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது.

"இன்னாடி போட்டுக்கீது?"

பேத்தி படித்தாள். "பிரெஞ்சு பீங்கான் தேநீர்க் கோப்பைகள், பன்னிரண்டு. ஒன்றில் பொன் வேலைப்பாடு தேய்ந்துள்ளது."

"யாரு தேச்சதுன்னு போடலியா?"

"போடல ஆயா."

கண்ணாடியை நகத்தால் ஒரு தட்டு தட்டினேன். அது டிங் என்றும் சொல்லவில்லை, டொக் என்றும் சொல்லவில்லை. "தொடாதீங்க ஆயா," என்றார் காவலுக்கு இருந்தவர். தொடவில்லை. அம்மா அன்றைக்குக் கத்தினதில் கடைசியாக ஒன்று சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? நாலு பேர் எதிரில் சொன்னார். அது என்னைத் திருடி இல்லை என்று ஆக்கியது. அதைச் சொன்ன வாய் மூடுவதற்குள் மகன் கப்பை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

வெளியே வரும் வழியில் ஒரு மேஜை மேல் நோட்டு வைத்திருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் எதையாவது எழுதிவிட்டுப் போகலாமாம். பேத்தி பேனாவை எடுத்துக்கொண்டு, இன்னா எழுதட்டும் என்றாள்.

"அது அவளுதுன்னு எழுது."

"அவ்ளோதானா? யாருன்னு புரியாதே ஆயா."

"புரியறவங்களுக்குப் புரியும். எழுதுடி."

எழுதினாள். எழுதிவிட்டேன் என்றாள். நான் குனிந்து பார்த்தேன். எழுத்து எனக்குத் தெரியாது, எண்ணத் தெரியும். ஒரு சொல், கொஞ்சம் இடம் விட்டு இன்னொரு சொல். சரியாகத்தான் இருந்தது.